மரியதாசும் ஷெஃப்பின் இறகும்

சுவிஸின் துன் நகரத்துத் தமிழர் மத்தியில் மரியதாசைப் பற்றி ஒரு கதை உண்டு. ஏரிக்கரை ஹோட்டலின் சமையலறையில் அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம், பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிய போர்த்துக்கேயன் ஒருவன் விரலையும் சேர்த்து வெட்டிவிட்டான். வெட்டுப்பட்டவன் ஒரு பிளாஸ்டரைச் சுற்றிக்கொண்டு மிச்ச வெங்காயத்தையும் வெட்டி முடித்தான். பார்த்துக்கொண்டு நின்ற மரியதாசைத்தான் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்றிலிருந்து தலைமைச் சமையற்காரர் அவரை இறைச்சிப் பக்கமே விடவில்லை. மீனுக்கு மாற்றிவிட்டார். யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கடற்கரையில் பிறந்து வளர்ந்த மனிதருக்கு மீன் ரத்தம் ரத்தக் கணக்கில் சேராது. மனிதர் ரத்தம், மாட்டு ரத்தம், கோழி ரத்தம், ஏன், தக்காளிச் சோஸ் எதிர்பாராத இடத்தில் சிந்திக் கிடந்தால்கூட அவருக்கு முழங்கால் கழன்றுவிடும். இருபத்து நான்கு வருடமாகச் சமையலறையின் குளிர்ந்த மூலையில் அவருக்கென்று ஒரு பலகை, ஒரு கத்தி, முள் எடுக்கும் ஒரு சாமணம். சல்மன் மீனின் சதைக்குள் ஒளிந்திருக்கும் முட்களை ஒவ்வொன்றாக உருவியெடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. அந்த ஹோட்டலில் சாப்பிட்டவன் எவனுக்கும் தொண்டையில் முள் சிக்கியதாகச் சரித்திரம் இல்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. இருக்கத்தானே வேண்டும்.

வீட்டிலும் அதே கதைதான். மகள் டிலக்ஷி பிறந்தபோது அவர் ஆசுபத்திரி நடைபாதையில், கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, செபமாலை உருட்டினார். மகள் சைக்கிளில் விழுந்து முழங்காலை உரசிக்கொண்டு வந்தால், மனைவி செல்வராணி கோப்பித்தூளை அள்ளிக் காயத்தில் அப்புவாள். அப்பி முடிந்து கட்டுப் போடும் வரைக்கும் மரியதாஸ் பல்கணியில் நின்று மலைகளை எண்ணுவார். சுவிஸில் பிறந்த பிள்ளை, "அம்மா, பள்ளிக்கூடத்திலை சிரிக்கினம், என்ர முழங்கால் கோப்பி மணக்குதாம்" என்று அழுவாள். செல்வராணி மசியமாட்டாள். காயத்துக்குக் கோப்பித்தூள் என்பது அவளுக்கு விசுவாசப் பிரமாணத்துக்கு அடுத்த பிரமாணம்.

ஏன் இப்படி என்று மரியதாசிடம் யாரும் கேட்பதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. பாசையூர்க்காரர் எல்லாருக்கும் தெரியும். யுத்தம் நடந்த தொண்ணூறாம் ஆண்டு கடலில் வைத்துத் தம்பி அருள்தாசுக்குத் துப்பாக்கிச் சூடு பட்டது. கரைக்கு வர இரண்டு மணித்தியாலம். வள்ளத்தில் இருந்தவர்கள் இரண்டே பேர், அண்ணனும் தம்பியும். கரையில் இறங்கியது அண்ணன் மட்டும். அடுத்த வருடம் மரியதாஸ் சுவிசுக்கு வந்துவிட்டார். இதற்கு மேல் அவர் சொன்னதுமில்லை, செல்வராணி தோண்டியதுமில்லை.

இனி ஷெஃப்புக்கு வருவோம்.

ஷெஃப் ஒரு கிளி. சாம்பல் உடம்பு, மஞ்சள் முகம், கன்னத்தில் செம்மஞ்சள் பொட்டு, உச்சியில் ஒரு கொண்டை. கோபம் வந்தால் கொண்டை செங்குத்தாக நிமிரும். ஹோட்டல் தலைமைச் சமையற்காரரின் தொப்பியும் இப்படித்தான் என்று முதல் நாளே மரியதாஸ் அதற்கு ஷெஃப் என்று பேர் வைத்துவிட்டார். பகல் முழுக்க ஹோட்டலில் "ஓம் ஷெஃப், சரி ஷெஃப்". பின்னேரம் வீட்டிலும் அதுவே. உடையவரின் காதுமடலைக் கடித்து வேலை வாங்குவதில் இரண்டு ஷெஃப்பில் எது கெட்டிக்காரன் என்று சொல்வது கஷ்டம்.

அதைக் கொண்டுவந்தது டிலக்ஷி. ஃப்ரிபூர்க்கில் படிக்கப் போவதற்கு முதல் வருடம், தனக்கு ஒரு கிளி வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றாள். வாங்கப் போன இடத்தில் ஒன்றாகத் தர மறுத்துவிட்டார்கள். இந்த நாட்டுச் சட்டப்படி இந்தச் சாதிக் கிளியைத் தனியே வளர்க்கக் கூடாது. சோடியாகத்தான் வைத்திருக்க வேண்டும்.

"என்னடி சொல்லுறாய்?" என்றார் மரியதாஸ். "நான் இந்த நாட்டுக்குத் தனியத்தானே வந்தனான்? அஞ்சு வருசம் தனியக் கிடந்தனான். உன்ர அம்மாவைக் கூப்பிட எத்தினை கடுதாசி குடுத்தனான்! எனக்கொரு சட்டம் இல்லை, கிளிக்குச் சட்டமோ?"

"அப்பா, உங்களை ஒருத்தரும் கூட்டிலை வைக்கேல்லையே."

"ஆர் சொன்னது? அகதி முகாமிலை ஒரு அறைக்குள்ளை எட்டுப் பேர்."

வாதாடியதெல்லாம் வாயளவில்தான். இரண்டாவது கிளியையும் அவரேதான் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதற்கு முகமும் சாம்பல், சத்தமும் இல்லாத பெட்டை. மடத்துக் கன்னியாஸ்திரி மாதிரி இருந்ததால் அதற்கு சிஸ்டர் என்று பேர். மகள் படிக்கப் போனாள், கிளிகள் தங்கிவிட்டன. மரியதாஸ் வேலையால் வந்து கதவைத் திறந்ததும் ஷெஃப் ஒரு சீழ்க்கை அடிக்கும். அவர் பதிலுக்கு அடிக்க வேண்டும். மறந்துபோய் சப்பாத்தைக் கழற்ற உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப அடித்து உயிரை வாங்கும். செல்வராணிக்குச் சொல்லாத அலுப்பெல்லாம் அதற்குச் சொல்லுவார். பெற்ற பிள்ளைபோல வைத்திருந்தார் என்று சொன்னால் மிகையில்லை.

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, பெப்ரவரி மாதத்து முதல் புதன்கிழமை. சுவிஸில் இருப்பவர்களுக்கு இந்த நாள் என்னவென்று தெரியும். பிற்பகல் ஒன்றரை மணிக்கு நாடு முழுக்க அபாயச் சைரனை ஊதிப் பார்ப்பார்கள், வேலை செய்கிறதா என்று. வெள்ளைக்காரர் தலையையும் நிமிர்த்தாமல் கோப்பியைக் குடித்துக்கொண்டிருப்பார்கள்.

மரியதாஸ் வந்த முதல் பெப்ரவரியில், முகாமில் மதியச் சாப்பாட்டு நேரம் அது ஊதியது. பதினொரு தமிழ்ப் பெடியன்கள், குண்டு போடும் விமானம் வருகிறதென்று, கோப்பையோடு மேசைக்குக் கீழே படுத்தார்கள். முகாமை நடத்திய பெண் முதலில் சிரித்தாள்; பிறகு விஷயம் விளங்கி, கண் கலங்கி, ஆளுக்கொரு சொக்கலேட் கொடுத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அந்த நாளில், ஒன்று இருபத்தைந்துக்கு, மரியதாஸ் ஹோட்டலின் குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். தடித்த கதவு, ஒன்றும் கேட்காது. மீன் பெட்டிகளை எண்ணுகிற சாட்டில் பத்து நிமிடம் நின்றுவிட்டு வெளியே வருவார். இருபத்து நாலு வருடம் இப்படியே ஓடிவிட்டது. வீட்டில் அந்தச் சத்தம் எப்படிக் கேட்கும் என்பதே அவருக்குத் தெரியாது.

அந்த வருடம் ஹோட்டல் சமையலறைக்குப் புதுத் தரை போடுகிறார்கள் என்று இரண்டு கிழமை லீவு. லீவில் இருக்கிறவனுக்குப் புதனும் ஞாயிறும் ஒன்றுதானே. சுவரில் தொங்கிய தமிழ்க் கடைக் கலண்டர் ராகுகாலம் வரைக்கும் போட்டிருந்தது; சைரனைப் போடவில்லை. செல்வராணி மூன்று பஸ் தரிப்பு தள்ளி, முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. மரியதாஸ் சாரமும் பெனியனுமாகச் சோபாவில் சாய்ந்திருந்தார். சிஸ்டர் கூட்டுக்குள், ஷெஃப் வழக்கம்போல அவருடைய தோளில்.

ஒன்றரைக்கு அது தொடங்கியது.

பக்கத்துப் பள்ளிக்கூடத்துக் கூரையில்தான் சைரன் இருந்தது. அடித்தொண்டையில் தொடங்கி ஏறி, வீட்டுக் கண்ணாடியெல்லாம் அதிர்ந்தது. மரியதாஸ் என்ன செய்கிறோம் என்று அறியாமலே கைகளை வீசிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார். தோளில் இருந்த ஷெஃப் அந்தக் கை வீச்சில் பறந்துபோய் ஜன்னலில் மோதி, திரும்பி அலுமாரி விளிம்பில் அடிபட்டு, மேசைக்குக் கீழே விழுந்து செட்டையை அடித்தது. ஒரு நிமிடம் ஏறி இறங்கிவிட்டுச் சைரன் நின்றது. மரியதாஸ் தலையைத் தூக்கினார்.

வெள்ளைச் சுவரில் சிவப்புத் துளிகள். ஜன்னல் திரையில் துளிகள். கிளி செட்டையை அடிக்க அடிக்க இன்னும் தெறித்தது. இடது செட்டையின் ஓரம் நனைந்திருந்தது.

முழங்கால் கழன்றது. நல்ல காலம், ஆள் ஏற்கெனவே தரையில் கிடந்தார். விழுவதற்கு அதற்கு மேல் இடமில்லை. தவழ்ந்து போய்த் தொலைபேசியை எடுத்தார்.

"செல்வம், ஷெஃப்புக்கு ரத்தமப்பா. சுவரெல்லாம் ரத்தம்."

செல்வராணி முதலில் ஹோட்டல் ஷெஃப்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நெஞ்சில் கை வைத்தாள். கிளி என்று விளங்கியதும் தயங்காமல் மருந்து சொன்னாள். "கோப்பித்தூளை வையுங்கோ. கெதியா. நல்லா அமத்தி வையுங்கோ. நான் சொல்லிப்போட்டு வாறன். மிருக டொக்டரின்ர நம்பர் ஃபிரிட்ஜிலை டிலக்ஷி ஒட்டி வைச்சிருக்கிறாள், எடுங்கோ."

மரியதாஸ் கிளியைத் துவாயால் மூடிப் பிடித்தார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, பாதிக் கண்ணில் கோப்பித்தூள் டப்பாவைத் தேடி, ஒரு பிடி அள்ளிச் செட்டையில் அப்பினார். ஷெஃப் அவரைப் பார்த்த பார்வை இருக்கிறதே! காலமெல்லாம் கூட இருந்தவன் காலை வாரிவிட்டால் பார்க்கிற பார்வை. "மன்னிச்சுக்கொள்ளடா, என்ர பிழைதான்டா" என்று அவருக்கு நாக்குழறியது. தட்டி எறிந்தது தன்னுடைய கை அல்லவா.

டாக்டர் உடனே எடுத்தார். ஒரு பெண், அமைதியான குரல். பின்னால் ஒரு மாடு கத்தியது. அவர் எங்கோ மலை மேட்டில் ஒரு தொழுவத்தில், கன்று ஈனும் பசுவின் பக்கத்தில் நின்றார். துன்னுக்கு வர ஒன்றரை மணித்தியாலமாவது செல்லும் என்றார். மரியதாசின் ஜெர்மன் சமையலறை ஜெர்மன். வெட்டு, கழுவு, கிண்டு, கொதிக்க விடு என்பதற்கு மேல் அதிகம் போகாது. இருந்ததை வைத்துச் சொன்னார். கிளி, செட்டை, ரத்தம், கோப்பி வைத்திருக்கிறேன்.

மாடு மட்டும் கத்தியது.

பிறகு டாக்டர் கேட்டார்: "கோப்பியா? குடிக்கிற கோப்பியா?"

"ஓம். தூள்."

உடனே கழுவுங்கள் என்றார் அவர். இளஞ்சூட்டுத் தண்ணீர், பஞ்சு, ஒரு துகள் மிஞ்சக் கூடாது. கிளி தன் இறகைக் கொத்திக் கோதும். தூள் வயிற்றுக்குள் போகும். இத்தனை சிறிய நெஞ்சு அதைத் தாங்காது. இன்னொன்றும் சொன்னார். இந்தக் கிளியின் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே இரண்டு தேக்கரண்டி அளவுதான். ஆகவே அவசரப்படுங்கள், ஆனால் பதறாதீர்கள்.

பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாகிவிட்டது. பதறாதே என்று சொல்ல அவருக்கென்ன, அவர் மாட்டோடு நிற்கிறார். இரண்டு தேக்கரண்டி! சுவரில் இருப்பதே அரைக் கரண்டி இருக்குமே என்று மரியதாசின் மனம் அளந்தது. குழாயடியில் நின்று கழுவினார். கோப்பித் தண்ணீர் கறுப்பாக ஓடியது, பிறகு மண்ணிறம், பிறகு சிவப்பு. உறையத் தொடங்கியிருந்த ரத்தம் கழுவியதில் திரும்பத் திறந்துகொண்டது. காது இரைந்தது. கண்ணுக்கு முன்னால் வெள்ளைப் பூச்சிகள் பறந்தன. இது மயக்கத்துக்கு முதல் வருகிற பூச்சி, பழைய சிநேகிதம். மரியதாஸ் ஒரு முடிவெடுத்தார். விழுந்தாலும் தூரமில்லை என்று சமையலறைத் தரையிலேயே சப்பாணி கட்டி உட்கார்ந்து, கிளியை மடியில் வைத்துக்கொண்டார். தொலைபேசி ஒலிபெருக்கியில் பக்கத்தில் கிடந்தது.

"வீட்டில் சோளமா இருக்கிறதா?" என்று டாக்டர் கேட்டார்.

சோஸ் தடிக்க வைக்கும் மா! அது ஒரு சமையற்காரன் வீட்டில் இல்லாமல் இருக்குமா? தொட்டு அப்பி, மெல்லிய துணியால் அழுத்திப் பிடித்தார். நின்றது போல இருந்தது. ஷெஃப் ஒருதரம் உதறியது. திரும்ப ஒழுகியது.

"இப்போது நீங்கள் பார்க்க வேண்டும்" என்றார் டாக்டர். "செட்டையை விரித்துப் பாருங்கள். எந்த இறகு?"

பார்க்கத்தான் வேண்டும். பார்த்தார். புதிதாக முளைத்து வரும் இறகு ஒன்று, கறுநீலக் குழாயாக, நடுவில் முறிந்து தொங்கியது. முறிந்த வாயிலிருந்து, சரியாக மூடாத குழாய்போல, துளி துளியாக வந்துகொண்டிருந்தது. டாக்டர் விளக்கினார். முளைக்கும் இறகுக்குள் ரத்தம் ஓடும். முறிந்தால் தானாக நிற்பதும் உண்டு. இது நிற்கிற மாதிரித் தெரியவில்லை. அடியோடு உருவியெடுத்தால் அந்தக் குழி மூடிக்கொள்ளும். வழக்கமாக அதை நான்தான் செய்வேன், வீட்டில் செய்யச் சொல்வதில்லை, ஆனால் நான் வந்து சேரும் வரைக்கும் கிளி தாங்காது. "உதவிக்கு யாராவது இருக்கிறார்களா? இடுக்கி மாதிரி ஏதாவது இருக்கிறதா?"

அந்த நேரம் கதவு திறந்தது. செல்வராணி, கோட்டும் கழற்றவில்லை, சப்பாத்தும் கழற்றவில்லை, பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் மூன்று தரிப்பும் ஓடி வந்த மூச்சு. புருஷன் ரத்தத்தை மடியில் வைத்துக்கொண்டு மயங்காமல் உட்கார்ந்திருப்பதைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஆள் இருக்கு" என்றார் மரியதாஸ் தொலைபேசிக்கு. "இடுக்கி இருக்கு. மீன்முள் எடுக்கிற சாமணம். லீவெண்டு வீட்டை கொண்டந்து வைச்சிருக்கிறன்."

"மீன்முள்ளா?" டாக்டரின் குரலில் முதல்தரம் ஒரு சிரிப்பு. "எத்தனை வருடமாக எடுக்கிறீர்கள்?"

"இருபத்து நாலு."

"அப்படியென்றால் உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றுமில்லை. தோலை ஒட்டிப் பிடியுங்கள். மற்றக் கையால் செட்டை எலும்பை அசையாமல் தாங்குங்கள். இறகு வளர்கிற திசைக்கு..."

"நேரா, ஒரே இழுவை. திருப்பக் கூடாது."

"கெனாவ்" என்றார் டாக்டர். அதுவேதான்.

முள் எடுப்பதன் சங்கதி அது. முள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமாகவே இழுக்க வேண்டும். எதிர்த்து இழுத்தால் சதை கிழியும். பாதியில் தயங்கினால் முள் முறியும். மரியதாஸ் இதை யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவருடைய விரலுக்குத்தான் தெரியும்.

"செல்வம், நீர் துவாயோடை அமத்திப் பிடியும். நெஞ்சை நெரிக்காதையும், மூச்சு விடேலாமல் போயிடும். தலையை மட்டும் வடிவாப் பிடியும்."

"பிடிச்சிட்டன். நீங்கள் விழமாட்டியளோ?"

"விழுந்தால் உம்மட மடியிலை விழுறன்."

சாமணத்தைச் சூட்டுத் தண்ணீரில் கழுவித் துடைத்தார். இடது கையின் இரண்டு விரல்களுக்கிடையில் செட்டை எலும்பு. தீக்குச்சி மாதிரி, தீக்குச்சியைவிட இலேசாக. அதற்குள் ஒரு துடிப்பு ஓடியது. வலது கை அவர் கேட்காமலே தன்பாட்டில் போய், அந்தக் குழாயைத் தோலோடு ஒட்டிப் பிடித்தது. நடுங்கவில்லை. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரே இழுவை. ஷெஃப் வீறிட்டது, கூட்டுக்குள் சிஸ்டரும் வீறிட்டது, செல்வராணி "அந்தோனியாரே!" என்றாள். சாமணத்தின் நுனியில் இறகு முழுதாக, வேரோடு இருந்தது.

இறகு இருந்த குழியில் ஒரு துளி ரத்தம் குமிழ்ந்தது.

"இனி மா போட வேண்டாம்" என்றார் டாக்டர். "சுத்தமான துணி, உங்கள் விரல், அவ்வளவுதான். ஐந்து நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஒன்று மட்டும் கவனம். நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்க்காதீர்கள். எடுத்துப் பார்த்தால் உறைந்தது விட்டுப்போகும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். மன்னிக்க வேண்டும், எனக்குக் கன்று வருகிறது." தொலைபேசி நின்றது.

மரியதாஸ் விரலை வைத்து அழுத்தினார். முகம் வெளுத்துப்போனது. ரத்தத்தினால் அல்ல என்று செல்வராணிக்குத் தெரிந்தது, ஏனென்று தெரியவில்லை.

எடுத்துப் பார்க்காதே. அதை அன்றைக்கு யாரும் அவருக்குச் சொல்லவில்லை. வள்ளத்தில் தம்பியின் தொடையில் தன் சட்டையைச் சுருட்டி வைத்து அமத்திக்கொண்டு வந்தபோது, கடலில் சொல்லித்தர யார் இருந்தார்கள்? அருள் கொஞ்ச நேரத்துக்கொருதரம் கேட்டான்: "நிண்டிட்டுதோ அண்ணை?" கேட்கிற தம்பிக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று, கேட்ட ஒவ்வொரு தரமும் மரியதாஸ் சட்டையை எடுத்துப் பார்த்தார். "கொஞ்சந்தான்டா, இந்தா நிக்கப்போகுது" என்றார். பிறகு அவன் கேட்கவில்லை.

"எத்தினை நிமிசமாம்?" என்றாள் செல்வராணி.

"அஞ்சு."

மணிக்கூடு பின்சுவரில். இரண்டு பேருக்கும் திரும்ப வழியில்லை. நான்கு கையும் ஒரு கிளியில். செல்வராணிக்கு நேரம் அளக்க வேறு வழி தெரியும். முட்டை அவிப்பதே அவள் அப்படித்தான். "அருள் நிறைந்த மரியே வாழ்க" என்று தொடங்கினாள். பத்து மந்திரம் ஆறுதலாகச் சொன்னால் மூன்று நிமிடம். மரியதாஸ் மறுமொழி சொன்னார். சமையலறைத் தரையில் சாரத்தோடு ஒருவர், கோட்டோடு ஒருவர், நடுவில் துவாய்க்குள் ஒரு கிளி.

இருபது மந்திரம் முடிந்தது. "காணுமப்பா, எடுத்துப் பாருங்கோ" என்றாள்.

"இன்னொரு பத்துச் சொல்லும்."

சொன்னாள். முப்பது முடிந்தது. ஷெஃப் அசையவில்லை, கண் பாதி மூடியிருந்தது. "எடுத்துப் பாருங்கோவன். உயிர் இருக்கோ எண்டாவது..."

"வேண்டாம்." குரல் உடைந்தது. "இன்னொரு பத்து. நான் எடுக்கமாட்டன் செல்வம். இந்தமுறை எடுக்கமாட்டன்."

இந்தமுறை என்றதில் அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாலாவது பத்தைத் தொடங்கினாள். அதன் நடுவில் ஷெஃப் கண்ணைத் திறந்தது, நிலைமையை ஒருதரம் பார்த்தது, கொண்டையை நிமிர்த்தியது, எட்டி மரியதாசின் பெருவிரலில் ஒரு கடி கடித்தது. சும்மா கடியில்லை, சதை கிழிகிற கடி. அவருடைய ரத்தம் துவாயில் சொட்டியது. மரியதாஸ் அதைப் பார்த்தார். முழங்கால் இருந்த இடத்தில் இருந்தது.

அப்போதுதான் துணியை மெல்ல எடுத்தார். குழி மூடியிருந்தது. ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி, காய்ந்து. துணியும் அதற்கு மேல் நனையவில்லை.

"நிண்டிட்டுது" என்றார் மரியதாஸ். திரும்பவும் சொன்னார், செல்வராணிக்குச் சொல்கிற மாதிரி இல்லாமல். "நிண்டிட்டுதடா." சொல்லிவிட்டு அழுதார். இருபத்தாறு வருடம் உள்ளே கிடந்த அழுகை. அதை அடக்கவும் அவர் பார்க்கவில்லை.

கிளியைத் துணி விரித்த பெட்டியொன்றில், சூடாக, பாதி இருட்டில் வைத்தார்கள். சிஸ்டர் கூட்டுக் கம்பியில் தொங்கி அதை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகுதான் செல்வராணி சப்பாத்தைக் கழற்றினாள். அவர் சுவருக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தபடி, வள்ளத்தில் கழிந்த அந்த இரண்டு மணித்தியாலத்தை முதல்தரம் அவளுக்குச் சொன்னார்.

"நான் எடுத்து எடுத்துப் பாத்தனான் செல்வம். அதாலைதான் அவன்ர ரத்தம் நிக்கேல்லை."

செல்வராணி அவருடைய பெருவிரலைத் தண்ணீரில் கழுவித் துடைத்தாள்.

"காயம் எவ்வளவு ஆழமெண்டு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது" என்றாள். "நீங்கள் எடுக்காட்டி நிண்டிருக்குமெண்டு ஆர் சொன்னது? ஆனால் ஒண்டு தெரியும். அவன் கேட்டவன், நீங்கள் பாத்துச் சொன்னனியள். கூடப்பிறந்தவன் கேக்கேக்குள்ளை பாக்காமல் இருக்க ஆராலை ஏலும்? அந்தக் கடலிலை தனியக் கிடக்கேல்லை எண்டு தெரிஞ்சுதான் அவன் போனவன்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, விரலைப் பார்த்துக்கொண்டே அவள் கேட்டாள்: "இதுக்குக் கோப்பித்தூள் வைக்கட்டோ?"

"வையும். நான் இதைக் கொத்தித் தின்னமாட்டன்தானே."

பின்னேரம் ஆறு மணிக்கு டாக்டர் வந்தார், சப்பாத்தில் சாணியோடு. செட்டையைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், கிளி நன்றாக இருக்கிறது என்றார். சாமணத்தையும் வாங்கிப் பார்த்து, இப்படியொன்றை எங்கே வாங்கலாம் என்று கேட்டுக்கொண்டு போனார். ஆறு கிழமையில் அந்த இடத்தில் புது இறகு வந்தது.

அடுத்த பெப்ரவரி மரியதாஸ் முதல் புதன்கிழமைக்கு லீவு கேட்டார். ஏனென்று ஹோட்டல் ஷெஃப் கேட்டதற்கு, வீட்டில் இருக்கிற ஷெஃப்புக்குச் சைரன் பயம் என்றார். ஒன்று இருபத்தைந்துக்கு இரண்டு கிளியையும் கூட்டில் விட்டு, செல்வராணியின் பழைய போர்வையால் மூடி, பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து, போர்வை மேல் கையை வைத்துக்கொண்டார். அது ஊதத் தொடங்கியதும் உள்ளே செட்டைகள் படபடத்தன. அவருக்கும் நெஞ்சு படபடத்தது. கதிரையை விட்டு எழும்பவில்லை. "இந்தா நிக்கப்போகுது, இந்தா நிக்கப்போகுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நின்றதும் போர்வையை எடுத்துப் பார்த்தார். இரண்டும் ஒரே தடியில் ஒட்டிக்கொண்டு இருந்தன. ஷெஃப் கோபமாக இருந்தது.